வீடு திரும்பிய பின்னும் சிகிச்சை உண்டு

பக்கவாதம் கண்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்கிறோம். பழங்களோடு திரளாகச் சென்று நலம் விசாரிக்கிறோம். ஆனால், புறநோயாளிகள் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டிய நாளில் துணைக்கு ஆள் இருப்பதில்லை. மகன் வளைகுடா நாட்டில் இருப்பார். மனைவியால் மட்டும் அவரைத் தாங்கி ஆட்டோவில் ஏற்ற இயலாது. ‘இப்போது தேறிவிட்டாரே’ என்று மறுபரிசோதனை தள்ளிப்போகிறது. மெல்ல மாத்திரையும் நின்றுபோகிறது.

இது பேராபத்து. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் பக்கவாதம் மீண்டும் தாக்கக்கூடும். முடங்கிய கைகால்களும் பேச்சும் வேகமாகத் தேறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். பயிற்சிக்குரிய காலமும் அதுவே.

‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று வாளாவிருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கக் கற்பித்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் இல்லத்துக்கே கொண்டுவருகிறது. தேவைப்படும் குடும்பங்களுக்கு அதைப் பெற்றுத் தருவதையும், மறுபரிசோதனை நாளில் உடன்செல்ல இளைஞர்களை முறைவைத்து அனுப்புவதையும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். நோயாளியை நலம் விசாரிக்கும் சுன்னத்தை அவ்வாறே நாம் முழுமையாக நிறைவேற்ற முடியும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.