கைதட்டல் போதாது, கை கொடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனை தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஆலயத்தின் கதவை ஒரு பெரியவர் திறக்கிறார். தரையைப் பெருக்கிப் பாய் விரிக்கிறார். ஓர் அம்மாள் பீடத்தில் பூ வைக்கிறார். ஓர் இளைஞர் பாட்டு எண்களைப் பலகையில் எழுதுகிறார். இன்னொருவர் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்துச் சுருதி பார்க்கிறார்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பஸ் கட்டணம்கூடச் சொந்தப் பணம்தான். ஒன்பது மணிக்கு வருகிறவர்கள், எல்லாம் தானாக நடந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சுருதி ஒரு நாள் தவறினால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்!

இது நியாயமா?

8 பாட்டுகள்

லுத்தரன் சபைக்குப் பாட்டுதான் உயிர். மார்ட்டின் லுத்தர் காலத்துக்கு முன்பு குருமாரும் பாடகரும் லத்தீன் மொழியில் பாடினார்கள். ஜனங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். லுத்தர் அதை மாற்றினார். ஜனங்களின் தாய்மொழியில் பாட்டு எழுதினார். 1524-ம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு சிறு பாட்டுப் புத்தகம் வெளிவந்தது. அதில் இருந்தவை 8 பாட்டுகள்தான். அவற்றில் நான்கு லுத்தர் எழுதியவை.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ்நாட்டிலும் லுத்தரன் சபை பாடத் தொடங்கியது. ஜெர்மன் மெட்டில் தமிழ்ப் பாட்டு ஒலித்தது. பின்னர் சுவார்ட்ஸ் பாதிரியார் வளர்த்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் நாட்டு ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் பாடிக் கொடுத்தார்.

கிருஷ்ணகிரியில் 1895-ல் லுத்தரன் மிஷனெரிமார் ஊழியத்தைத் தொடங்கினார்கள். பாட்டு இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது.

சம்பளம் இல்லாத ஊழியம்

உலகப் புகழ் பெற்ற இசை மேதை பாக், லுத்தரன் சபைக்காரர். 1723 முதல் 1750-ல் இறக்கும் வரை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆலய இசையைக் கவனித்தார். நகர சபை அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்ப்பக்கத்துச் சிறு சபைகளுக்கு அந்த வசதி ஏது? தொண்டர்களை நம்பித்தான் ஆராதனை நடக்க வேண்டும். இதுவோ கர்நாடக எல்லை. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். எல்லோரையும் ஒரே பாட்டில் சேர்ப்பது எளிதல்ல. ஓசூர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்தவர், கண் எரிச்சலோடு வந்து பாட வேண்டியிருக்கும். பகல் ஷிப்டு விழுந்தால் குழுவில் ஒரு குரல் குறையும்.

நன்றி எதற்கு?

“கடவுளுக்குச் செய்கிற வேலைக்கு மனிதன் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள்.

ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை அவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று பேர் பேராகச் சொல்லி, அவர்கள் பட்ட பாட்டையும் எடுத்துச் சொல்கிறார் பவுல். பெயர் சொல்லி நன்றி கூறுவது முகஸ்துதி ஆகாது. உழைப்பைக் கண்டோம் என்ற சாட்சி அது.

“ஆள் கிடைக்காவிட்டால் என்ன? பதிவு செய்த இசையைப் போட்டுவிடலாமே!” என்பாரும் உண்டு. போடலாம். ஆனால் கருவி பாடும், சபை வாய் மூடி நிற்கும். 1524-க்கு முன்பு நின்ற இடத்துக்கே ஜனங்கள் திரும்பிப் போவார்கள். பெட்டி வாசிக்கும் பெரியவருக்குப் பிறகு ஆள் இல்லை என்றால் நஷ்டம் அவருக்கல்ல; சபைக்குத்தான்.

என்ன செய்யலாம்?

ஆண்டுக்கு ஒரு முறை பொன்னாடை போர்த்திக் கைதட்டினால் கடமை தீர்ந்துவிடாது.

பெட்டியின் துருத்தி கிழிந்தால், பழுது பார்க்கும் செலவைச் சபை ஏற்கட்டும். தூரத்திலிருந்து வருகிறவருக்குப் பஸ் கட்டணம் கொடுக்கட்டும். பெரியவரிடம் இரண்டு பிள்ளைகளாவது பெட்டி கற்கட்டும். பிள்ளை தப்பாக வாசித்தால் சிரிக்காதீர்கள். பெரியவரும் ஒரு நாள் தப்பாக வாசித்தவர்தான். பாடகர் குழுவுக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டு வேலையில் அண்ணனும் தம்பியும் உதவட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சபையார் வாய் திறந்து பாடட்டும். பாட்டு நடத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

கோவிலில் மார்கழி பஜனை நடத்துகிறவருக்கும் இதே கதைதான். எந்த மதமானாலும் தொண்டர் தனியாக நின்றால் தொண்டு தளர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பெரியவர் பாய் விரித்துக்கொண்டிருப்பார். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்!