டைல்ஸ் வேண்டாம், மண் பாதை போதும்: திருச்சிக்கு ஏன் ஒரு நீரோரக் காட்டு நடை வேண்டும்?

புத்தூர் நால்ரோட்டில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஷூ போட்டு, காதில் இயர்பட்ஸ் மாட்டி, ஆளுக்கு ஒரு திசையில் கிளம்புகிறார்கள். அதில் பாதிப் பேர் கிளம்புவது ஸ்கூட்டியில்! அண்ணா விளையாட்டரங்கம் வரை வண்டியில் போய், அங்கே நாலு சுற்று நடந்துவிட்டு, திரும்ப வண்டியில் வருகிறார்கள். வயலூர் ரோட்டிலேயே நடக்கிறவர்களுக்கு ஆறரை மணியோடு ஆட்டம் முடிந்துவிடும். அதற்குமேல் பஸ் ஹாரன், நடைபாதையை மறித்து நிற்கும் டூவீலர், பக்கத்தில் இட்லிக் கடை அடுப்பு. வாட்ச் பத்தாயிரம் ஸ்டெப் என்று காட்டும். மனசு என்னவோ ஒரு ஸ்டெப்கூட நகர்ந்திருக்காது.

இத்தனைக்கும் இவர்களின் வீட்டுக்குப் பின்னாலேயே உய்யக்கொண்டான் ஓடுகிறது. முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும், ஆயிரம் வயதுக் கால்வாய். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. புத்தூர் குழுமாயி அம்மன் இருப்பதும் இதன் கரையில்தான். தண்ணீர் இருக்கிறது, கரை இருக்கிறது, மரமும் இருக்கிறது. நடக்கலாம் என்று நினைத்தால்தான் இடம் இல்லை.

திருச்சியில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே “பார்க் கட்டித் தரணும்” என்றுதான் பேச்சு போகிறது. தேவை பார்க் இல்லை. தண்ணீரை ஒட்டி, மரத்தடியில், மேடு பள்ளம் இல்லாமல், முழங்கால் வலி உள்ள அம்மாவும் ஏழு வயசுப் பையனும் சேர்ந்து ஒரு மணி நேரம் நடக்கக்கூடிய ஒரு மண் பாதை. இது ஆடம்பரம் இல்லை. காட்டையும் ஏரியையும் காப்பாற்றுவதற்கு இருப்பதிலேயே செலவு குறைந்த வழி.

“சிங்கப்பூர்ல முடியுது, இங்க முடியாதா?”

திருச்சிக்காரர்களுக்கு சிங்கப்பூர் தூரம் இல்லை. விமானம் நேராகப் போகிறது. வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலையில் இருப்பார். பேரன் பேத்தியைப் பார்க்கப் போன தாத்தா பாட்டிகள் திரும்பி வந்ததும் மெரினா பேயைவிட அதிகமாகச் சொல்வது, “நடக்கிறதுக்கு என்னா இடம்டா அது!” என்பதுதான். அவர்கள் சொல்லும் இடங்களில் ஒன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம்.

1868-ல் கட்டி முடிக்கப்பட்ட, சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம் அது. அதைச் சுற்றிய காடு இன்று 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான இயற்கைக் காப்பகத்தின் ஒரு பகுதி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், காடு எப்படித் தப்பியது என்பது. 19-ம் நூற்றாண்டில் சிங்கப்பூர்க் காட்டில் பெரும்பகுதியை மிளகுக்கும் காம்பியர் பயிருக்கும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். குடிதண்ணீருக்காக நீர்த்தேக்கம் கட்டியபோது, சுற்றிலும் இருந்த நிலத்தைத் தொடக்கூடாது என்று விட்டார்கள். தண்ணீரைக் காக்கப் போய் காடும் பிழைத்தது. மக்கள் நடக்க வந்தது அதற்கெல்லாம் பிறகு.

அந்தப் பாதைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 250 மீட்டர் நீளத் தொங்குபாலத்தைத்தான் சொல்வார்கள். அது செல்ஃபிக்கு. நாம் காப்பியடிக்க வேண்டியது அதை இல்லை. நீர்த்தேக்கத்தின் ஓரத்தை ஒட்டிப் போகும் மரப்பலகைப் பாதையையும், மிச்ச தூரத்துக்கு இருக்கும் சாதாரண மண் தடத்தையும்தான். எங்கே கழிப்பறை, இன்னும் எவ்வளவு தூரம், எந்த இடத்தில் திரும்பிவிடலாம் என்று பலகை சொல்லிவிடும். குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம். நடப்பவர் பாதையை விட்டு இறங்காத வரை, பத்தடி தள்ளி இருக்கும் உயிர்களுக்கு அவரால் பெரிய தொந்தரவு இல்லை.

பாதை என்பது மனிதர்களைக் காட்டுக்குள் விடுவதற்கு மட்டும் இல்லை. எங்கே போகக்கூடாது என்று சத்தம் போடாமல் சொல்வதற்கும்தான். பாதை இல்லாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு தடம் போடுவார்கள். பத்துத் தடம் விழுந்த இடத்தில் புதர் இருக்காது.

மேலூர் வரை போய்ப் பாருங்கள்

சிங்கப்பூரை விடுங்கள். புத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கம் தாண்டி, மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலணை காப்புக்காட்டில் வனத்துறை 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சி பூங்கா. ஏறக்குறைய 25 ஏக்கர். நட்சத்திர வனம், ராசி வனம், குழந்தைகளுக்கு விளையாட்டு எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

உண்மையான அழகு அதன் இருப்பிடத்தில் இருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு இடையில் உள்ள மண், காப்புக்காடு, எங்கும் ஏற்றம் இல்லாத சமதளம். சுலபமான நடைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் மாவட்டத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பொம்மைக்கு முன்னால் போட்டோ எடுத்து, ஊஞ்சல் ஆடி, பாப்கார்ன் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பார்க் என்று போர்டு வைத்தால் பார்க்குக்கு வருகிற மாதிரிதான் வருவார்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது. அது முட்டையிட ஒரு செடி வேண்டும். புழு அந்த இலையைத் தின்றுதான் வளர வேண்டும். வெந்தய வரியன் எருக்கில் முட்டையிடும். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் வேறு வகைகள். அதாவது, நகராட்சிக் கண்ணுக்கு “களை” என்று தெரிவதில் பாதி, வண்ணத்துப்பூச்சியின் தொட்டில். ஒரு மண் பாதையும், அதன் இரண்டு ஓரத்திலும் வெட்டாமல் விட்ட எருக்கும் தும்பையும் இருந்தால், அதுவே ஒரு திறந்தவெளிப் பூங்கா. பேவர் பிளாக் போட்டு, ஓரத்தில் குரோட்டன்ஸ் நட்டு, கலர் லைட் கட்டினால், பூச்சியின் படம் மட்டும்தான் சுவரில் இருக்கும்.

உய்யக்கொண்டான் கரைக்கும் இதே கணக்குதான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையின் ஒரு பகுதியைச் சீராக்கி நடைபாதை போட்டது நல்ல தொடக்கம். அதை மறுக்க முடியாது. குப்பைமேடாகக் கிடந்ததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மண்டிய தண்ணீருக்குப் பக்கத்தில் எவ்வளவு வழுவழுப்பாகப் பாதை போட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் நடப்பார்கள்? முதல் செலவு தண்ணீருக்கு. அடுத்தது நிழலுக்கு. தரைக்குக் கடைசியில் செலவு செய்யலாம்.

கரைவெட்டி: பேர் வந்துவிட்டது, அடுத்து என்ன?

லால்குடி, புள்ளம்பாடி பக்கமாக ஒன்றரை மணி நேரம் போனால் அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி. சுமார் 454 ஹெக்டேர் ஏரி. 1999 முதல் பறவைகள் சரணாலயம். மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. அதாவது, உய்யக்கொண்டானும் கரைவெட்டியும் ஒரே காவிரித் தண்ணீரைக் குடிக்கும் பங்காளிகள். நவம்பர் முதல் மார்ச் வரை போனால், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 200 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

2024 ஜனவரியில் கரைவெட்டி ராம்சார் தளமானது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கை அது. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சார் தளங்கள், இந்தியாவிலேயே அதிகம். பெருமைதான். ஆனால் ஒரு இடத்துக்குப் பேர் வந்ததும் நம்ம ஊரில் அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஆர்ச், செயற்கை நீரூற்று, “ஐ லவ்” என்று ஆரம்பிக்கும் எழுத்துப் பலகை.

ராம்சார் உடன்படிக்கை மனிதர்களை வெளியே போகச் சொல்வதில்லை. விவேகமாகப் பயன்படுத்துங்கள் என்கிறது. அதற்கு வேடந்தாங்கலில் நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. ஏரிக்கரைதான் அங்கே பாதை. ஒரு பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள், அதில் கூடுகள். இன்னொரு பக்கம் வயல். வருகிறவர் கரையோடு நேராக நடக்கிறார், கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறார், வந்த வழியே திரும்புகிறார். ஏரிக்குள் யாரும் இறங்குவதில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம், இங்கே சுடக்கூடாது என்று எழுதி வாங்கிய ஊர் அது.

கரைவெட்டிக்கும் நீளமான கரை இருக்கிறது, நிழலுக்குக் கருவேல மரங்கள் இருக்கின்றன. புதிதாகக் கட்ட வேண்டியது ரொம்பக் கொஞ்சம். கரையின் எந்தப் பகுதியில் நடக்கலாம், எந்தப் பகுதி பறவைக்கு மட்டும் என்று கோடு போட வேண்டும். சுத்தமான கழிப்பறை வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. சனி, ஞாயிறு காலையில் திருச்சியிலிருந்து ஒரு பஸ் வேண்டும். டீக்கடையும் சாப்பாடும் அந்த ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும். ஏரியால் தனக்கு வருமானம் என்று ஆகிவிட்டால், ஊரைவிடப் பெரிய காவலாளி கிடையாது.

“பாம்பு இருக்கும் சார்”

இந்த எதிர்ப்பு நியாயமானது. பாம்பு இருக்கும். அதைவிட பயம் தருவது உடைந்த பாட்டில். ஆற்றங்கரை, ஏரிக்கரை என்றாலே குடிக்கிற இடம் என்று ஆகிப்போன ஊரில், தனியாக ஒரு பெண் காலையில் அங்கே நடக்கப் போவாரா?

இன்றைக்குப் போக மாட்டார். அதற்காகக் கம்பி வேலி போட்டுப் பூட்டினால் வேலியைத் தாண்டிக் குதிக்கிறவர் பாட்டில் ஆள்தான். அம்மா குதிக்க மாட்டார். தினமும் காலை ஐம்பது பேர் நடக்கிற கரையில் உட்கார்ந்து குடிக்கக் கூச்சமாக இருக்கும். சூரியன் உதிப்பதிலிருந்து மறையும்வரை திறப்பு, அதன்பின் மூடல் என்று வைத்தால் லைட் செலவும் இல்லை. பறவைக்கும் பூச்சிக்கும் இருட்டு மிஞ்சும். பாம்பைப் பொறுத்தவரை, ஒதுக்கிப் பெருக்கிய ஆறடி அகல மண் பாதையில் அது படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். புல்லில் இறங்காமல் இருப்பது நம் பொறுப்பு.

இன்னொரு கேள்வியும் உண்டு: மழை பெய்தால் மண் பாதை சேறாகாதா? ஆகும். திருச்சியில் அப்படி நடக்க முடியாத நாட்கள் வருஷத்துக்கு எத்தனை? கொளுத்துகிற வெயிலில் சிமென்ட் தரையில் நடக்க முடியாத நாட்களை எண்ணினால், கை கால் விரல்கள் பத்தாது.

வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடப்படும். அதன்பின் வாய்க்கால்கள் வற்றும் மாதங்களில்தான் கரை வேலைகளுக்கு டெண்டர் வரும், லாரியில் ஜல்லி வந்து இறங்கும். புத்தூர்க்காரர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரைப் பிடித்து, கரையில் என்ன கொட்டப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டிய நேரம் அந்த லாரி வருவதற்கு முன்னால்.