காயத்துல தண்ணி படக்கூடாதுன்னா, கடமையான குளிப்புக்கு என்ன செய்றது?

1/
ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போற நோயாளிகிட்ட டாக்டர்கள் நாங்க வழக்கமா சொல்ற வரி: "தண்ணி படாம பாத்துக்கோங்க". முஸ்லிம் நோயாளிக்கு இந்த ஒரு வரி பத்தாது. ஏன் பத்தாது, நாங்க என்ன சொல்லணும், நீங்க என்ன கேக்கணும்? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல, தெரியாதவங்களுக்காக. தாம்பத்திய உறவுக்குப் பிறகு, விந்து வெளிப்பட்ட பிறகு (தூக்கத்துல தானா வெளிப்பட்டாலும்), மாதவிடாய் நின்ற பிறகு, பிரசவ ரத்தம் நின்ற பிறகு, உடம்பு முழுக்கத் தண்ணி படக் குளிச்சாதான் ஒரு முஸ்லிம் தொழ முடியும். இதுதான் கடமையான குளிப்பு. அரபியில குஸ்ல்.

ஷாஃபி மத்ஹபில் நிய்யத்தும், முடி, தோல் எல்லாம் நனைவதும் கடமை. ஹனஃபியில் உடம்பு முழுக்க நனைவதோடு வாய் கொப்பளிப்பதும் மூக்கைத் தண்ணீரால் சுத்தம் செய்வதும் சேரும்.

3/
சாதாரணக் குளியலை நாலு நாள் தள்ளிப் போடலாம். இதை அப்படித் தள்ள முடியாது, அடுத்த வக்து தொழுகை வந்துரும். காரணத்தை வெளிய சொல்லவும் கூச்சம். கல்யாணமாகாத பையனோ, மனைவியை இழந்த பெரியவரோ யார்கிட்ட போய் கேப்பாங்க?

அதனால ரெண்டு விஷயம் நடக்குது. சிலர் யாருக்கும் தெரியாம தலையோட தண்ணி ஊத்திக்கிறாங்க. சிலர் வாரக்கணக்கா தொழுகையை விட்டுட்டு, குற்ற உணர்ச்சியோட படுத்திருக்காங்க. ரெண்டுமே தேவையில்லாதது.

4/
ரகசியமா ஊத்திக்கிறதுல என்ன ஆபத்து?

மாவுக்கட்டு நனைஞ்சா இளகிடும், எலும்பைப் பிடிச்சு நிறுத்தாது. உள்ள தோல் ஊறிப் புண்ணாகும்.

கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல கண்ணுக்குள்ள தண்ணி போனா கிருமித் தொற்று வரலாம். பார்வையே போகலாம்.

டயாலிசிஸுக்காகக் கழுத்துல குழாய் போட்டிருந்தா அது நனையவே கூடாது. அது நேரா பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போகுது. அங்க தொற்று வந்தா உயிருக்கே ஆபத்து.

5/
சரி, மார்க்கம் இதைக் கேக்குதா? இல்ல.

குர்ஆன்ல 4:43, 5:6 ரெண்டு வசனமும் நோயாளியைக் குறிப்பிட்டே தயம்மும் செய்ய அனுமதி கொடுக்குது. சுத்தமான மண்ணுல கையைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவுறதுதான் தயம்மும். ஒளுவுக்குப் பதிலா மட்டும் இல்ல, கடமையான குளிப்புக்குப் பதிலாவும் இது செல்லும். இது பலருக்குத் தெரியல.

6/
ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருக்கு. பயணத்துல ஒருத்தருக்குத் தலையில கல் பட்டுக் காயம். அன்னிக்குத் தூக்கத்துல குளிப்பு கடமையாகிடுது. தயம்மும் செய்யலாமான்னு கூட இருந்தவங்ககிட்ட கேக்கிறார். உமக்குச் சலுகை இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவர் குளிச்சார், இறந்து போனார்.

செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவங்கதான் அவரைக் கொன்னுட்டாங்கன்னு கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியலைன்னா கேட்டிருக்கணும், அறியாமைக்கு மருந்தே கேக்கிறதுதான் என்பது அவர்களோட போதனை.

7/
இந்தச் சம்பவத்தை நான் ஒரு டாக்டராவும் படிக்கிறேன். அந்த மனுஷன் கேட்டார். கேக்க வேண்டியதைச் சரியாவே கேட்டார். தப்பு அவர் மேல இல்ல. தெரியாம பதில் சொன்னவங்க மேல.

இன்னிக்கு அந்த இடத்துல யார் இருக்கா? "அதெல்லாம் குளிச்சாதான் ஆகும்"னு சொல்ற வீட்டுப் பெரியவங்க. கூடவே, அரைகுறையா "தண்ணி படக்கூடாது"ன்னு மட்டும் சொல்லி அனுப்பற நாங்களும்.

8/
மார்க்கத் தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல, அது ஆலிம்களோட வேலை. ஆனா அந்தத் தீர்ப்புக்குத் தேவையான தகவல் டாக்டர்கிட்டதான் இருக்கு.

உடம்புல ஒரு பகுதியில மட்டும் காயம்னா, ஷாஃபியில் நல்லா இருக்கிற பகுதியைக் கழுவிட்டு, காயப்பட்ட பகுதிக்காகத் தயம்மும். கட்டு இருந்தா ஈரக்கையால கட்டு மேல தடவணும். ஹனஃபியில் உடம்பின் பெரும்பகுதி நல்லா இருந்தா அதைக் கழுவிட்டு, கட்டு மேல தடவினால் போதும். பெரும்பகுதி காயம்னா தயம்மும்.

ஆக, எந்த இடம், எத்தனை நாள், ஈரக்கை படலாமா? இந்த மூணும் தெரியாம ஹஜ்ரத்தாலயும் பதில் சொல்ல முடியாது.

9/
அதனால சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்க. "வலது முழங்காலுக்குக் கீழே தண்ணீர் படக்கூடாது, தையல் பிரிக்கும் வரை. மற்ற இடங்களில் ஊற்றலாம்." எழுத அரை நிமிஷம் ஆகாது. நோயாளி வாய் திறந்து கேக்க வேண்டிய கூச்சமும் மிச்சம்.

10/
சிசேரியன் ஆன சகோதரிகளுக்கு. 40 நாள் என்பது ஹனஃபியில் பிரசவத் தொடக்கின் அதிகபட்சக் கணக்கு. ஷாஃபியில் 60. அதுக்கு முன்னாடியே ரத்தம் முழுசா நின்னுட்டா அப்பவே குளிப்பு கடமை. அந்த நேரத்துல பெரும்பாலும் தையல் காயம் மூடியிருக்கும், பயப்பட வேண்டாம். காயம் பிரிஞ்சிருந்தாலோ சீழ் இருந்தாலோ முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

11/
இன்னொரு பக்கமும் சொல்லணும். இந்தச் சலுகை சோம்பலுக்கு இல்ல. லேசான சளிக்குத் தயம்மும் தேட வேண்டாம், வெந்நீர் வெச்சு குளிங்க. மிதமான சூட்டுல குளிச்சா காய்ச்சல் ஏறாது. சுத்தமாத் தையல் போட்ட பல காயங்கள்ல 48 மணி நேரத்துக்குப் பிறகு தண்ணி ஊத்திக் குளிக்கவே அனுமதிக்கிறோம். உங்க காயம் அந்த வகையான்னு உங்க சர்ஜன்தான் சொல்லணும்.

சர்க்கரை நோயாளிகள் பாதத்துல உணர்வு குறைஞ்சிருந்தா, வெந்நீரை வேற யாராவது தொட்டுப் பாத்து சொல்லட்டும். கால் விரல் இடுக்கை மறக்காம துடைங்க.

12/
நோயாளிகளுக்கு: "டாக்டர், நான் தொழுகைக்காகத் தலையோட குளிக்கணும், எங்கெல்லாம் தண்ணி படலாம்?" இவ்வளவு கேட்டா போதும். ஏன் குளிப்பு கடமையாச்சுன்னு யாரும் விசாரிக்க மாட்டாங்க. கிடைச்ச பதிலோட உங்க ஜமாஅத் ஆலிமைக் கேளுங்க.

அல்லாஹ் கொடுத்த சலுகையை எடுத்துக்கிறது ஈமான் குறைவு இல்ல. தண்ணியால தொழுறவரும் மண்ணால தொழுறவரும் ஒரே ஸஃப்லதான் நிக்கிறாங்க.