ஆங்கில வினையும் நம் எச்சமும்

ஆங்கில இலக்கணத்திலே மாணாக்கரைப் பெரிதும் மருட்டுவது வினைச்சொற் பகுதியேயாம். காலங்களை அட்டவணையாக நெட்டுருச் செய்து பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவன், தானாக ஒரு கடிதம் வரையப் புகுங்கால் இடர்ப்படுகின்றான். ஈற்றில், "எனக்கு ஆங்கிலம் வராது" என்று ஒதுங்கிவிடுகின்றான். இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. தன் மொழி இலக்கணத்தைத் துணைக்கொண்டு பிறமொழி இலக்கணத்தை அறியும் வழி அவனுக்குக் காட்டப்படாமையே என்பது என் கருத்து.

'பார்ட்டிசிப்பிள்' என்பதை எடுத்துக்கொள்வோம். வினையினின்று பிறந்து, வாக்கியத்தைத் தானே முடிக்கும் ஆற்றலின்றிப் பிறிதொரு சொல்லை அவாவி நிற்பது அது. இவ்வியல்பு நமக்குப் புதிதன்று. பெயரெச்சம், வினையெச்சம் என நாம் கற்றனவற்றின் இயல்பே. 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், நம் எச்சங்களைப் பார்ட்டிசிப்பிள் என்ற பெயராலேயே விளக்கினார். தம் மொழி கொண்டு அவர் நம் மொழியை விளக்கினார். நம் மொழி கொண்டு நாம் அவர் மொழியை அறிதற்குத் தடை யாது?

ஒப்புமையோடு வேற்றுமையையுங் காணல் வேண்டும். எழுதிய, எழுதுகின்ற, எழுதும் என நம் பெயரெச்சம் காலங்காட்டும். ஆங்கிலத்து 'ரைட்டிங்' அவ்வாறன்று. 'வாஸ் ரைட்டிங்' எனின் இறந்தகாலம். 'இஸ் ரைட்டிங்' எனின் நிகழ்காலம். 'வில் பி ரைட்டிங்' எனின் எதிர்காலம். 'ரிட்டன்' என்பதும் 'வில் பி ரிட்டன்' என எதிர்காலத்தில் வரும். இவ்விடங்களிற் காலத்தை உணர்த்துவது துணைவினையே. ஆங்கில நூலார் ஒன்றை நிகழ்காலத்ததென்றும் மற்றையதை இறந்தகாலத்ததென்றும் பெயரிட்டமை கண்டு மாணவர் மயங்கலாகாது.

இதனை உணர்ந்தவனுக்கு, 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது ஏன் வழுவென்பது தானே விளங்கும். 'ஹாவ்' நிகழ்காலத் துணைவினை. 'யெஸ்டர்டே'யோ கழிந்த நாள். இரண்டும் இயையா. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' என்பதே முறை.

இன்னுமொன்று. 'வாக்கிங் டு ஸ்கூல், த ரெயின் பிகான்' என்றெழுதும் மாணவன், "பாடசாலைக்கு நடந்து மழை தொடங்கியது" என்று தமிழில் ஒருபோதும் எழுதான். நடந்தவன் வேறு, தொடங்கியது வேறு என்பதை அவன் செவியே அறியும். செய்தென்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் வினைமுதலின் வினைகொண்டே முடிதல் வேண்டுமென்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் விதி. அவ்விதியை ஆங்கில வகுப்பிலே ஒருமுறை நினைப்பூட்டினால், அப்பிழை பெரும்பாலும் ஒழியும்.

ஆதலின், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருங்கிருந்து எச்சமும் காலமும் பற்றிய பாடங்களை வகுத்தல் வேண்டும். ஆங்கிலமுங் கற்ற நாவலரவர்கள் (1822–1879) எளிய உரைநடையில் அருளிய இலக்கணச் சுருக்கம் நம் கையில் உளது. ஆங்கில இலக்கண நூலின் அருகே அதனையும் விரித்து வைப்போமாக. தமிழிலக்கணத்திற் காலூன்றி நிற்பவன் ஆங்கிலத்தை அஞ்சான்.

— ஒரு பழைய மாணவன்