முள் துடிக்கிறதா, பாருங்கள்

என் அப்பா 1980களில் வாங்கிய ஜப்பானிய குவார்ட்ஸ் கைக்கடிகாரம் பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது. படிவம் 3இல் படிக்கும் என் மகன் அதை எடுத்துப் புது பேட்டரி போட்டான். ஓடவில்லை. பேரங்காடிக் கடையொன்றில் காட்டினோம். பின்மூடியைக்கூடத் திறக்காமல், "சர்க்யூட் போயிருக்கும், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். அன்றிரவே மகன் இணையத்தில் சர்க்யூட் தேட ஆரம்பித்துவிட்டான்.

கடைக்காரரின் பதிலைவிட மகனின் அவசரம்தான் என்னை உறுத்தியது. என்ன பழுது என்று தெரியாமலே உதிரிப்பாகம் வாங்குவதா?

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் நடப்பது மாணவர்களுக்குப் புரியாத சங்கதியல்ல. பேட்டரி தரும் மின்சாரத்தில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை ஒரு சில்லு 15 முறை இரண்டால் வகுக்கிறது. மிஞ்சுவது 1. (கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.) ஆக, நொடிக்கு ஒரு மின்துடிப்பு கம்பிச்சுருளுக்குப் போகிறது. அது ஒரு குட்டிக் காந்தத்தை அரைச்சுற்று திருப்ப, பற்சக்கரங்கள் முள்ளை நகர்த்துகின்றன.

பழுதையும் இதே வரிசையில் தேடினோம். மல்டிமீட்டரில் பேட்டரி 1.55 வோல்ட் காட்டியது, குறையில்லை. அது உட்காரும் இடத்தில்தான் பழைய பேட்டரி கசிந்து, தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கசிவு காரத்தன்மை கொண்டது. பல்குத்தும் குச்சியில் பஞ்சு சுற்றி, துளி வினிகர் தொட்டுத் துடைத்தான். நன்றாகக் காயவிட்டு பேட்டரியை மறுபடி போட்டோம்.

வினாடி முள் நகரவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நொடிக்கு ஒருமுறை துடித்தது.

"இன்னும் ஓடலையேப்பா" என்றான். எனக்கோ அந்தத் துடிப்பே விடையாகத் தெரிந்தது. முள் துடிக்கிறதென்றால் படிகம், சில்லு, சுருள் மூன்றுக்கும் உயிர் இருக்கிறது. சக்கரங்கள்தான் இறுகிப்போயிருக்கின்றன, பழைய எண்ணெய் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். அவன் வாங்கவிருந்த சர்க்யூட்டுக்கு வேலையே இல்லை. துடிப்பே இல்லாதிருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுருளின் மின்தடையை அளந்திருப்போம். முடியைவிட மெல்லிய கம்பி அது; அறுந்திருந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

சக்கரங்களைப் பிரிக்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. ஐந்தடியில் கடை வைத்திருக்கும் சீன முதியவரிடம் போனோம். "அங்கிள், சர்க்யூட் ஓகே, சக்கரம்தான் டைட்" என்று மலாயில் மகனே சொன்னான். அவர் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். கழுவி எண்ணெயிட்டுத் தர மூன்று நாள் கேட்டார்.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால் மதிப்பெண் தருகிறோம். பழுதைக் கண்டுபிடித்துக் காரணம் சொன்னாலும் தரலாமே. ஓடாத சுவர்க் கடிகாரங்கள் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கும். உள்ளே அதே படிகம், அதே சுருள். பாகங்கள் பெரியவை, உடைந்தாலும் நட்டமில்லை. நான்கு பேருக்கு ஒன்றைக் கொடுத்து, எதையும் மாற்றுவதற்கு முன் எங்கே பழுது என்று எழுதச் சொல்லலாம்.

அப்பாவின் கடிகாரம் இப்போது ஓடுகிறது. தேதி மட்டும் 17ஐ விட்டு நகர மறுக்கிறது. அதை அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறான்.