இறாலா, ஜெல்லி மீனா?



கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் எலும்புத் துண்டு போல வெள்ளைக் கல் பொறுக்கியிருப்பீர்கள். 'டைனோசர் எலும்பு' என்று சத்தியமும் செய்திருப்பீர்கள்! அனேகமாக அது சுக்கான் கல். மண்ணிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, காயும்போது இறுகியது.

பெரிய விஞ்ஞானிகளே ஏமாந்த கதை ஒன்று உண்டு. கனடா நாட்டுப் பாறையில் தலையில்லாத இறால் போல ஒரு படிவம் கிடைத்தது. 1892ல் ஒயிட்டீவ்ஸ் அதற்கு அனோமலோகாரிஸ், அதாவது 'விசித்திர இறால்' என்று பெயர் வைத்தார். 1911ல் வால்காட், வட்டமான ஒரு படிவத்தை ஜெல்லி மீன் என்றார். இன்னொன்றைக் கடல் வெள்ளரி என்றார்.

பல ஆண்டுகள் கழித்து விட்டிங்டன் ஒரு கல்லைப் பொறுமையாகச் சுரண்டினார். 'கடல் வெள்ளரி'யின் முன்பக்கம் 'ஜெல்லி மீன்'. அதன் அருகில் இரண்டு 'இறால்'கள்! வட்டமானது வாய், இறால் போன்றது இரையை வளைத்துப் பிடிக்கும் கை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலை மிரட்டிய வேட்டைப் பிராணிகள் இவை. நண்டுக்கும் தேளுக்கும் தூரத்துச் சொந்தம். அவரும் பிரிக்சும் 1985ல் இதை விளக்கி எழுதினார்கள்.

நம் ஊரிலும் நடந்தது. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்களை 'டைனோசர் முட்டை' என்றார்கள். வல்லுநர்கள் பார்த்து, அம்மோனைட் என்ற கடல் பிராணி தொடர்பானவை என்றார்கள். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததே!

கோவில்பட்டியின் அடிப்பாறை கடும் சூட்டில் உருவானது. அதில் படிவம் கிடைக்காது. அரியலூர் பக்கம் சுற்றுலா போனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். எதையும் உடைக்காதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, கிடந்த இடத்தை எழுதி, வாரணவாசி அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.