இணையக் கடைகளுக்கான அப்டேட்களில் முன்னறிவிப்பும் மறுக்கும் உரிமையும் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
இணையவழிச் சிறு விற்பனையாளர்கள் சங்கம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
1. செயலாளர் அவர்கள், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, இந்திய அரசு, புதுதில்லி.
2. செயலாளர் அவர்கள், நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புதுதில்லி.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.

பொருள்: இணையவழி வணிகத் தளங்கள் விற்பனையாளர்களின் கடைகளில் புகுத்தும் புதிய வசதிகள் – முன்னறிவிப்பு, தமிழ் விளக்கம், மறுக்கும் உரிமை, குறைதீர்ப்புக்குக் காலவரம்பு ஆகியவற்றை விதியாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



பவானி ஜமக்காளம், சென்னிமலை போர்வை, ஈரோடு மஞ்சள், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, ஆயத்த ஆடை, பட்டுச் சேலை ஆகியவற்றை இணையம் வழியே விற்றுப் பிழைக்கும் சிறு வணிகர்கள் நாங்கள். எங்களில் சிலர் மாதச் சந்தா கட்டிச் சொந்தப் பெயரில் இணையக் கடை நடத்துகிறோம். சிலர் பெரிய சந்தைத் தளங்களில் பதிவு செய்து விற்கிறோம். அரசின் முன்முயற்சியில் உருவான ஓ.என்.டி.சி. என்ற மின்வணிக வலைப்பின்னல் வழியே ஆர்டர் எடுப்பவர்களும் உண்டு. சரக்கு எங்களுடையது, முதல் எங்களுடையது, வாடிக்கையாளர் கோபப்பட்டால் பதில் சொல்வதும் நாங்கள்தான். கடை ஓடும் மென்பொருள் மட்டும் தள நிறுவனத்துடையது. அந்த மென்பொருளில் நிறுவனங்கள் செய்யும் மாற்றங்களைப் பற்றியதே இம்மனு.

புதிய வசதிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. பணம் செலுத்தும் பக்கத்திலேயே யு.பி.ஐ. வந்த பிறகுதான் பாதி வழியில் விட்டுப்போகும் ஆர்டர்கள் எங்களுக்குக் குறைந்தன. கூரியர் சீட்டு தானாக அச்சாவதும், இருப்பு குறைந்தால் கைப்பேசிக்குத் தகவல் வருவதும், ரிட்டர்ன் வந்த பொருள் கணக்கில் தானே ஏறுவதும் ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர்களுக்குப் பெரிய உதவி. இவற்றை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால், வாடகைக்கு விட்ட கடைக்குள் கட்டட உரிமையாளர் இரவில் நுழைந்து கல்லாவை இடம் மாற்றி, விலைச்சீட்டுகளையும் மாற்றி எழுதிவிட்டுப் போனால் எந்த வணிகராவது பொறுப்பாரா? எங்களுக்கு அதுதான் நடக்கிறது. காலையில் கடையைத் திறந்து பார்த்த பிறகுதான் மாற்றம் வந்திருப்பதே தெரிகிறது.

ஜமக்காளம் விற்கும் எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் சந்தா கட்டும் தளம், கூரியர் கட்டணத்தைக் கணக்கிடும் முறையை ஒரு அப்டேட்டில் மாற்றியது. அதுவரை பொருளின் எடைக்குக் கட்டணம். மாற்றத்துக்குப் பிறகு பொட்டலத்தின் கொள்ளளவு எடைக்குக் கட்டணம். அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவது. கூரியர் தொழிலில் இது வழக்கமான கணக்குதான், தவறில்லை. ஆனால் 50-க்கு 40-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் மடித்துக் கட்டிய ஜமக்காளம், தராசில் 3 கிலோ இருந்தாலும் இந்தக் கணக்கில் 8 கிலோ ஆகிவிடும். பணம் செலுத்தும் பக்கத்தில் கூரியர் கட்டணத்தைப் பார்த்த வாடிக்கையாளர்கள் வாங்காமலே வெளியேறினார்கள். ஆர்டர் ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட பிறகே விஷயம் புரிந்தது. தள நிறுவனத்தின் உதவிப் பிரிவில் தானியங்கிப் பதில்களே திரும்பத் திரும்ப வந்தன. முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொட்டலத்தை அழுத்திக் கட்டியிருப்பார், அல்லது விலையில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டணத்தைக் குறைத்திருப்பார். வழி இல்லாமல் இல்லை, அவகாசம்தான் இல்லை.

வரி மாற்றத்தின்போது பட்டது இதைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் புதிய வரி விகிதங்களைப் பரிந்துரைத்தது. செப்டம்பர் 22 அன்று, நவராத்திரி தொடங்கிய அதே நாளில், அவை நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். சேலையோ துணி வகையில் சேருவது. அதன் விலை எவ்வளவு ஆனாலும் வரி 5 சதவீதம்தான். ஜவுளி ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. மொத்தமாக வரியை மாற்றித் தரும் வசதி என்று வந்த ஒன்று, 'ஆடை' என்ற பிரிவில் இருந்த அனைத்தையும் விலையை மட்டும் பார்த்துப் பிரித்தது. 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட பட்டுச் சேலைகளுக்கு 18 சதவீதம் ஏறியது. வரியாக வசூலித்த தொகை தவறானாலும் அரசுக்குச் செலுத்தியாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். கூடுதலாகக் கட்டிய வாடிக்கையாளருக்கும் நாங்களே பதில் சொல்ல வேண்டும். பில் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணில் போகிறது, மென்பொருள் நிறுவனத்தின் பெயர் அதில் எங்கும் இருப்பதில்லை.

சட்டப் பொறுப்பு எங்கள் தலையில், முடிவு வேறொருவர் கையில் என்ற இந்த நிலை வரியோடு நிற்கவில்லை. வாங்குவோரை ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. 13 வகைத் தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் வெளிக்காட்டுவதும் அவற்றில் அடங்கும். அந்த நெறிமுறைகளை மனதார வரவேற்கிறோம். அவை தளங்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் மட்டுமின்றி விற்பனையாளர்களுக்கும் பொருந்தும். ஆனால் 'இன்னும் இரண்டுதான் உள்ளது', 'சலுகை பத்து நிமிடத்தில் முடிகிறது' என்று ஓடும் கடிகாரங்களை, விற்பனையைக் கூட்டும் புதிய வசதி என்ற பெயரில், எங்களைக் கேட்காமலே தளங்கள் எங்கள் கடை முகப்பில் இயக்கிவிடுகின்றன. கிடங்கில் நூறு போர்வை இருக்கும்போது இரண்டு என்று சொல்லும் கடைக்காரராக நாங்கள் ஆக்கப்படுகிறோம். நெறிமுறையை மீறியவர் யார் என்று விசாரணை வந்தால் வாசலில் நிற்கப்போவது நாங்கள்.

இனி விதிகளைப் பற்றி. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, நுகர்வோரின் புகார் கிடைத்ததைத் தளம் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நியாயமான விதி. அதே தளத்தில் விற்பவர் தரும் புகாருக்கு இப்படி எந்தக் காலவரம்பும் இல்லை. பொருள்களும் விற்பனையாளர்களும் எந்த அடிப்படையில் வரிசைப்படுத்தப்படுகிறார்கள் என்பதை எளிய நடையில் விளக்க வேண்டும், ஒரே வகை விற்பனையாளர்களிடையே வேறுபாடு காட்டினால் நிபந்தனைகளில் அதைச் சொல்ல வேண்டும் என்றும் அதே விதிகள் கூறுகின்றன. ஆனால் அந்த வரிசை முறை மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று கூறவில்லை. மேலும், அவ்விதிகள் சந்தைத் தளம், சொந்தச் சரக்கு விற்கும் தளம் என்ற இரு வகைகளையே வகுக்கின்றன. சந்தாவுக்கு இணையக் கடை அமைத்துத் தரும் மென்பொருள் நிறுவனங்கள் இந்த இரண்டிலும் தெளிவாக அடங்குவதில்லை. அவர்களிடம் மாதாமாதம் பணம் கட்டும் நாங்கள் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரா என்பதும் வாதத்துக்குரியதாகவே இருக்கிறது.

நாங்கள் கேட்பது உலகில் இல்லாத ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் உள்ள 2019/1150 எண் ஒழுங்குமுறை, தளம் தன் நிபந்தனைகளை மாற்றுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் விற்பனையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. தொழில்நுட்ப ரீதியாகவோ வணிக ரீதியாகவோ விற்பனையாளர் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் அவகாசம் இன்னும் நீள வேண்டும். ஒருவருக்கான சேவையை முற்றிலும் நிறுத்துவதானால் 30 நாட்களுக்கு முன் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளை 2025 நவம்பரில் வெளியிட்ட மத்திய அரசு, முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தந்தது. நிறுவனங்களுக்கு அரசு தந்த மரியாதையில் ஒரு சிறு பங்கை நிறுவனங்கள் எங்களுக்குத் தரட்டும்.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான்: விலை, வரி, கூரியர் கட்டணம், பணம் செலுத்தும் பக்கம், ரிட்டர்ன் நிபந்தனை, தேடல் வரிசை ஆகியவற்றைத் தொடும் எந்த அப்டேட்டையும் குறைந்தது 30 நாட்களுக்கு முன் விற்பனையாளருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பதை 2020 விதிகளில் திருத்தம் செய்து கட்டாயமாக்க வேண்டும். சந்தா மென்பொருள் நிறுவனங்களும் அந்தத் திருத்தத்துக்குள் வர வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாற்றங்களுக்கு இது பொருந்தாது என்பதை நாங்களே சொல்லிவிடுகிறோம். திருடன் வரும் வழியை அடைக்க யாரும் 30 நாள் காத்திருக்கக் கூடாது. வரி விகிதம் போல அரசே குறுகிய அவகாசத்தில் மாற்றுபவற்றில், புதிய விகிதத்தைப் பொருள்வாரியாகக் காட்டி, விற்பனையாளர் ஒப்புக்கொண்ட பிறகே தளம் அதை ஏற்ற வேண்டும். தீபாவளிக்கு முந்தைய 30 நாட்களிலும் பொங்கலுக்கு முந்தைய 15 நாட்களிலும் தவிர்க்க முடியாதவை தவிர எந்த மாற்றமும் கூடாது. எங்களில் பலருக்கு ஆண்டு வருமானத்தைத் தீர்மானிப்பவை அந்த வாரங்கள்.

முன்னறிவிப்பு மட்டும் போதாது, மறுக்கவும் வழி வேண்டும். வாடிக்கையாளரின் கண்ணில் படும் புதிய வசதிகள் எல்லாம் முதலில் அணைந்த நிலையில் வரட்டும், வேண்டியவர் இயக்கிக்கொள்வார். அடித்தள மாற்றங்களானால், சோதித்துப் பார்க்க ஒரு மாதிரிக் கடையும், ஒத்துவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு காலமும் தர வேண்டும். இது முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். வூகாமர்ஸ் என்ற திறமூல மென்பொருள் ஆர்டர் விவரங்களைச் சேமிக்கும் முறையையே மாற்றியபோது, 2023 அக்டோபரில் புதிய கடைகளுக்கு மட்டும் அதை இயல்பாக்கியது. பழைய கடைகள் தாங்கள் விரும்பும்போது மாறலாம். பழைய அட்டவணையையும் புதிய அட்டவணையையும் ஒரே நேரத்தில் ஒத்திசைத்து வைத்துச் சோதிக்கவும், திரும்பிப் போகவும் வழி வைத்தார்கள். கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளில் முடிந்தது, சந்தா வாங்கும் நிறுவனங்களுக்கு முடியாதா?

தமிழைப் பற்றி மனம் நொந்தே எழுதுகிறோம். மேற்சொன்ன மின்தரவுச் சட்டம், வாங்குபவரின் ஒப்புதலைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைத் தன் கடையில் வைக்க வேண்டிய கடைக்காரருக்கோ, பல தளங்களில் செட்டிங்ஸ் பக்கத்தைத் தமிழில் படிக்க வழியில்லை. எங்கள் சங்கத்தில் வீட்டிலிருந்தே கடை நடத்தும் பெண்கள் பலர். வியாபாரத்தில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. அப்டேட் பற்றிய நீண்ட ஆங்கில மின்னஞ்சல் வந்தால் மட்டும் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்ற அறிவிப்பும் 'என்ன மாறுகிறது, உங்கள் பணத்தை அது எப்படித் தொடும், நீங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று தமிழில் ஒரு பக்கத்தில் வர வேண்டும். பில்லின் பி.டி.எஃப். கோப்பில் ஒகரக் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து சிதறும் குறையையும் தளங்கள் சரிசெய்ய வேண்டும். பொருளின் பெயரைத் தமிழில் சரியாக அச்சிட முடியாத பில்லைக் கொடுக்கும்போது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

புகாருக்கான காலவரம்பு நுகர்வோருக்கு உள்ளதே விற்பனையாளருக்கும் வேண்டும்: 48 மணி நேரம், ஒரு மாதம். புகாரைக் கேட்பவர் மனிதராக இருக்க வேண்டும். அப்டேட்டின் பிழையால் ஏற்பட்ட இழப்பு உறுதியானால், குறைந்தபட்சம் அந்தக் காலத்துச் சந்தாவையும் கமிஷனையும் தளம் திருப்பித் தர வேண்டும்.

இவை அனைத்துக்கும் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். ஓ.என்.டி.சி. முதல் பெறுநராகிய தங்கள் துறையின் முன்முயற்சியில் 2021 டிசம்பர் 31 அன்று நிறுவனமாகப் பதிவானது. 2022 ஏப்ரலில் சோதனை முறையில் தொடங்கப்பட்ட ஐந்து இடங்களில் எங்கள் பக்கத்து ஊரான கோயம்புத்தூரும் ஒன்று. இந்த வலைப்பின்னலில் சிறு, குறு நிறுவனங்களைச் சேர்க்க 277.35 கோடி ரூபாயில் 'டீம்' திட்டமும் உள்ளது. சேர்க்க நினைக்கும் 5 லட்சம் நிறுவனங்களில் பாதி பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. சேர்ப்பதற்குச் செலவிடும் அரசு, சேர்ந்தவர்கள் நிலைப்பதற்கும் வழி செய்ய வேண்டும். ஓ.என்.டி.சி.யில் பங்கேற்கும் விற்பனையாளர் செயலிகள் மேற்கண்ட முன்னறிவிப்பு, தமிழ் விளக்கம், மறுக்கும் உரிமை ஆகியவற்றைத் தர வேண்டும் என்று அதன் கொள்கை ஆவணத்தில் சேர்த்துவிட்டால் மற்றத் தளங்களுக்கும் அது அளவுகோலாகும். ஒரு செயலியின் புதிய நிபந்தனை பிடிக்காமல் வேறு செயலிக்கு மாறும் விற்பனையாளர், தன் பொருள் பட்டியலையும் படங்களையும் வாடிக்கையாளர் தந்த மதிப்பீடுகளையும் உடன் எடுத்துச்செல்லவும் அதில் வகை செய்ய வேண்டும். வெளியேற வழி இருந்தால்தான் மறுப்பதற்கும் துணிவு வரும்.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களிடம் இரண்டே வேண்டுகோள்கள். மாவட்டத் தொழில் மையத்தின் வாயிலாக, வரி அல்லது விதி மாறும் ஒவ்வொரு முறையும் இணையக் கடைக்காரர்களுக்குத் தமிழில் ஒருநாள் பயிற்சி நடத்தித் தர வேண்டும். தள நிறுவனங்களின் பிரதிநிதிகளையும் எங்களையும் ஒரே மேசையில் அமர வைத்து, தீபாவளிப் பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு கூட்டம் கூட்டித் தர வேண்டும். மேலே சொன்ன சம்பவங்களுக்கான திரைப்பதிவுகள், பில் நகல்கள், உதவிப் பிரிவுக்கு அனுப்பிய கடிதங்கள் அனைத்தையும் அந்தக் கூட்டத்தில் வைக்கத் தயாராக உள்ளோம். கூட்டத்தின் தேதியையும் இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையையும் எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: ஈரோடு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் – செயலாளர் – பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்

நகல்: செயலாளர் அவர்கள், குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.
இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் படிவங்கள், பாதிப்பு விவரங்கள்.